ஃப்ரிட்ஜ் மக்கர் பண்ணுதா? ‘கேஸ் போயிடுச்சு’ என்று நம்புவதற்கு முன்...

கூலிங் குறைவு முதல் ஐஸ் மேக்கர் கோளாறு வரை: எதை நாமே பார்க்கலாம், எதற்கு மெக்கானிக் வேண்டும்?

சித்திரை பிறந்துவிட்டால் இரண்டு தொழில்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஒன்று இளநீர்க் கடை. இன்னொன்று ஃப்ரிட்ஜ் ரிப்பேர். கத்திரி வெயில் தொடங்கும் மே முதல் வாரத்தில் மெக்கானிக்கின் போன் காலை ஏழு மணிக்கே அலற ஆரம்பித்துவிடும்.

“தம்பி, நேத்து அரைச்சு உள்ள வெச்ச மாவு இன்னைக்குப் பொங்கி வழியுது. கூலிங்கே இல்ல. எப்ப வருவீங்க?”

“சாயங்காலம் வர்றேன்க்கா. கேஸ் போயிருக்கும்.”

ஆள் இன்னும் வரவில்லை. ஃப்ரிட்ஜைக் கண்ணால் பார்க்கவும் இல்லை. அதற்குள் நோய்க்குப் பெயர் வைத்தாகிவிட்டது. சாயங்காலம் சில ஆயிரங்கள் கைமாறும். புது கேஸ் ஏறும். அடுத்த கோடையில் அதே போன், அதே பதில்.

உண்மையில் கூலிங் குறைவதற்குக் காரணம் எப்போதும் கேஸாக இருப்பதில்லை. தேய்ந்த கதவு ரப்பர், அடைத்த துவாரம், சுற்றாத காற்றாடி, இறங்கிய வோல்டேஜ் என்று சாதாரண விஷயங்களே பெரும்பாலும் வில்லன்கள். இவற்றில் பாதியை வீட்டில் இருப்பவர்களே கண்டுபிடித்துவிடலாம். அதற்கு ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம். அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் போதும்.

குளிரை யாரும் தயாரிப்பதில்லை

ஃப்ரிட்ஜ் குளிரை உற்பத்தி செய்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது செய்வது வேறு வேலை. உள்ளே இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. கிணற்றில் வாளி விட்டுத் தண்ணீர் இறைப்பதைப் போலத்தான். இங்கே வாளி, குழாய்களுக்குள் ஓடும் கேஸ். கயிற்றை இழுக்கும் கை, பின்னால் கீழே உட்கார்ந்திருக்கும் கம்ப்ரெஸர்.

கம்ப்ரெஸர் கேஸை அழுத்தும்போது அது கொதிக்கக் கொதிக்கச் சூடாகிறது. ஃப்ரிட்ஜின் பின்பக்கத்திலோ பக்கச் சுவர்களுக்குள்ளோ வளைந்து வளைந்து ஓடும் குழாயில் அந்தச் சூட்டை வெளிக்காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரவமாகிறது. பிறகு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளை கொண்ட மெல்லிய குழாய் வழியே ஃப்ரீசருக்குள் நுழைகிறது. அங்கே அழுத்தம் சட்டென்று குறைவதால் திரவம் கொதித்து மறுபடி ஆவியாகிறது. கொதிக்க வெப்பம் வேண்டுமே, அதைப் பாலிலிருந்தும் மாவிலிருந்தும் தக்காளியிலிருந்தும் உறிஞ்சிக்கொள்கிறது. அந்த ஆவி மீண்டும் கம்ப்ரெஸருக்கு.

இந்தச் சுற்றில் கேஸ் எங்கேயும் செலவாவதில்லை என்பதைக் கவனியுங்கள். தொழிற்சாலையில் அடைத்து மூடப்பட்ட கேஸ், குழாயில் ஓட்டை விழாத வரை ஃப்ரிட்ஜின் ஆயுள் முழுக்க அப்படியே இருக்கும். ‘அஞ்சு வருஷம் ஆச்சு, கேஸ் குறைஞ்சிருக்கும்’ என்பது காரின் பெட்ரோலுக்குப் பொருந்தும், ஃப்ரிட்ஜுக்குப் பொருந்தாது.

கேட்க வேண்டிய கேள்வியும் இதிலிருந்தே கிடைக்கிறது. வெப்பம் எங்கே சிக்கிக்கொண்டிருக்கிறது? உள்ளே புகுந்துகொண்டே இருக்கிறதா, உள்ளிருந்து அள்ளப்படவில்லையா, வெளியே கொட்ட வழியில்லையா? எந்தக் கோளாறும் இந்த மூன்றில் ஒன்றில் வந்து நிற்கும்.

இன்னொரு பயத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ‘ஃப்ரிட்ஜோட சைடு சுவர் சுடுது’ என்று புது ஃப்ரிட்ஜ் வாங்கியவர்கள் பதறுவார்கள். இப்போதைய மாடல்கள் பலவற்றில் வெப்பத்தை வெளியேற்றும் குழாய் பக்கச் சுவருக்குள்தான் ஓடுகிறது. சுட்டால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். சுவரோடு சுவராக ஒட்டி வைப்பதும், தூசி படியாமலிருக்கத் தலை முதல் கால் வரை துணி உறை போடுவதும்தான் தப்பு. பின்னாலும் பக்கவாட்டிலும் நாலு விரற்கடைக்குக் குறையாமல் இடம் விடுங்கள். அடுப்புக்குப் பக்கத்திலும் வெயில் விழும் ஜன்னல் ஓரத்திலும் வேண்டாம்.

கூலிங்கே இல்லையா? காது கொடுத்துக் கேளுங்கள்

முதலில் கதவைத் திறந்து விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் பிளக், சுவிட்ச், ஸ்டெபிலைசர், எம்.சி.பி. என்று வரிசையாகப் பார்த்துவிடுங்கள். பெருக்கித் துடைக்கும்போது தளர்ந்த பிளக்குக்காக மெக்கானிக்கை வரவழைத்து விசிட் சார்ஜ் கொடுத்த வீடுகள் எல்லாத் தெருவிலும் உண்டு.

விளக்கு எரிகிறது, கூலிங் இல்லை என்றால் பின்பக்கம் காதை வையுங்கள். மூன்று விதமாகக் கேட்கும்.

சத்தமே இல்லை: தெர்மோஸ்டாட் ‘ஆஃப்’ பக்கம் திரும்பியிருக்கலாம். ஒற்றைக் கதவு டைரக்ட் கூல் மாடலில் யாரோ டிஃப்ராஸ்ட் பட்டனை அழுத்தியிருக்கலாம். பனி உருகி முடிந்ததும் தானே ஓடத் தொடங்கிவிடும். இரண்டும் இல்லையென்றால் தெர்மோஸ்டாட்டோ எலெக்ட்ரானிக் போர்டோ பழுது. பின்னால் இருக்கும் சூட்டுக்காக வந்து ஒண்டும் பல்லி, போர்டில் ஏறிக் கருகிப்போய் ஷார்ட் ஆவது நம் ஊரில் புதுக் கதை இல்லை. எலி ஒயரைக் கடித்து வைப்பதும் அப்படியே.

‘டிக்’ என்று ஒரு சத்தம், சில நொடி உறுமல், மறுபடி ‘டிக்’: கம்ப்ரெஸர் கிளம்பப் பார்க்கிறது, முடியவில்லை. வோல்டேஜ் குறைவாக இருக்கலாம். சாயங்காலம் தெருவே விளக்குப் போடும் நேரத்தில் மட்டும் இப்படிக் கேட்டால் சந்தேகமே வேண்டாம். நாள் முழுக்க இப்படித்தான் என்றால், கம்ப்ரெஸரின் பக்கவாட்டில் செருகியிருக்கும் ஸ்டார்ட்டிங் ரிலேயோ ஓவர்லோடோ போயிருக்கலாம். இரண்டும் விலை குறைந்த பாகங்கள், மாற்றக் கொஞ்ச நேரம் போதும். இந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு ‘கம்ப்ரெஸரே போச்சு’ என்று ஒருவர் சொன்னால், ரிலேயை மாற்றிப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

கம்ப்ரெஸர் ஓயாமல் ஓடுகிறது, குளிர மட்டும் இல்லை: இங்கேதான் கேஸ் சந்தேகத்துக்கு இடமிருக்கிறது. அதிலும் ஃப்ரீசரின் ஒரு மூலையில் மட்டும் பனி பிடித்து மற்ற இடம் வெறுமையாக இருந்தால் சந்தேகம் வலுக்கும். அப்போதும் கதவு ரப்பரையும் காற்றாடியையும் பார்க்காமல் முடிவுக்கு வர வேண்டாம்.

கரன்ட் போய்ப் போய் வரும் நாளில் இன்னொரு சிக்கல். நின்ற நொடியே கம்ப்ரெஸர் மறுபடி கிளம்ப முடியாது. குழாய்க்குள் இரு பக்க அழுத்தமும் சமமாகச் சில நிமிடம் வேண்டும். அதனால்தான் ஸ்டெபிலைசர் மூன்று நிமிடம் போலத் தாமதித்துக் கரன்ட் கொடுக்கிறது. ஸ்டெபிலைசர் இல்லாத வீட்டில் நாமே சுவிட்சை அணைத்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுவது நல்லது. இன்வெர்ட்டர் கம்ப்ரெஸர் மாடல்கள் பல, வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தை ஓரளவு தாங்கும். ஆனால் எத்தனை வோல்ட் முதல் எத்தனை வோல்ட் வரை என்பது மாடலுக்கு மாடல் மாறும். கையேட்டைப் பார்த்துவிட்டு ஸ்டெபிலைசரை விடுங்கள்.

மேலே ஐஸ், கீழே வெதுவெதுப்பு

இரண்டு கதவு ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்களின் முதல் புகார் இது. ஃப்ரீசரில் ஐஸ்க்ரீம் கல் மாதிரி இருக்கிறது. கீழே பால் திரிகிறது, கொத்தமல்லி வாடுகிறது.

இந்த மாடலில், கேஸ் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சும் குளிர்க் காயில் ஒன்றே ஒன்றுதான். அது ஃப்ரீசரின் பின்பக்கப் பிளாஸ்டிக் தடுப்புக்கு உள்ளே ஒளிந்திருக்கிறது. ஒரு சின்னக் காற்றாடி அதன் மேல் காற்றை இழுத்து, ஒரு பங்கை மேலேயும் ஒரு பங்கைப் பாதை வழியாகக் கீழேயும் தள்ளுகிறது. ஓடும்போது காயிலில் பனி படியும். அதை உருக்க காயிலுக்கு அடியில் ஒரு ஹீட்டர். சில மணி நேரத்துக்கு ஒரு முறை கம்ப்ரெஸர் நின்று, ஹீட்டர் எரிந்து, பனி நீராகி வடிந்து, மறுபடி ஓட்டம் தொடங்கும்.

ஹீட்டரோ, அதை இயக்கும் டைமரோ, சென்சாரோ பழுதானால் பனி உருகாது. நாளாக நாளாகக் காயிலின் தகடுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி முழுக்க வெள்ளைச் சுவராக இறுகிவிடும். காற்று நுழைய வழியில்லை. காயில் பக்கத்திலேயே இருப்பதால் ஃப்ரீசர் சமாளித்துக்கொள்ளும். கீழ்த்தட்டுதான் பட்டினி கிடக்கும். சில சமயம் பனி வளர்ந்து காற்றாடியின் இறக்கையைத் தொட்டு ‘கரகர’ என்று உரசும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பொருள்களை எல்லாம் காலி செய்து, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவையும் திறந்து ஒரு முழு நாள் விடுங்கள். கீழே பழைய துணி விரித்துவிடுங்கள். பிறகு ஓட விட்டால் பிரமாதமாகக் குளிர்ந்து, ஒன்றிரண்டு வாரத்தில் பழைய குறை திரும்பி வருகிறதா? டிஃப்ராஸ்ட் பாகங்களில்தான் பழுது, கேஸில் இல்லை. கேஸ் குறைந்திருந்தால் ஒரு நாள் ஓய்வுக்குப் பிறகு மட்டும் எங்கிருந்து வந்தது?

காற்றாடியைச் சோதிக்கவும் வழி உண்டு. பல மாடல்களில் கதவு திறந்ததும் காற்றாடி நின்றுவிடும். கதவு ஓரத்து சுவிட்சை விரலால் அழுத்திப் பிடித்தால் ‘விர்’ என்ற சத்தமும் துவாரத்தில் குளிர்காற்றும் வர வேண்டும். வரவில்லை என்றால் மெக்கானிக்கிடம் ‘ஃபேன் மோட்டார் பாருங்க’ என்று நாமே சொல்லலாம்.

எந்தப் பழுதும் இல்லாமலே கீழே குளிராமல் போவதும் உண்டு. ஃப்ரீசருக்குள் இருக்கும் நாபைக் கடைசி எல்லை வரை திருகிவிட்டால், பல மாடல்களில் காற்றுப் பங்கீடு மேலே அதிகமாகிக் கீழே குறைந்துவிடும். காற்றுத் துவாரத்தின் முன்னால் குழம்புச் சட்டியை நிறுத்தி வைத்தாலும் அதே கதிதான்.

கத்தி எடுத்தவன் கேஸுக்குச் செலவழிப்பான்

ஒற்றைக் கதவு டைரக்ட் கூல் ஃப்ரிட்ஜில் ஃப்ரீசர் பெட்டியே குளிர்க் காயில். அந்த மெல்லிய அலுமினியத் தகட்டுக்குள்தான் கேஸ் ஓடுகிறது. பனி மலையாக வளர்ந்து, மீன் பாக்கெட் அதில் புதைந்து, விருந்தாளி ஹாலில் காத்திருக்கும் நேரத்தில் ஒரு கை கத்தியைத் தேடும். நுனியை இடுக்கில் செருகி ஒரு நெம்பு. ‘உஸ்’ என்று ஒரு சீறல். அவ்வளவுதான். அத்தனை கேஸும் வெளியே.

‘கேஸ் போயிடுச்சு’ என்பது நூற்றுக்கு நூறு உண்மையாகும் இடம் இது. தகட்டில் விழுந்த ஓட்டையை அடைப்பது கடினம், அடைத்தாலும் நீடிக்குமா என்பது சந்தேகம். பல நேரம் ஃப்ரீசர் பெட்டியையே மாற்ற வேண்டிவரும்.

பனி ஒரு விரற்கடைக்கு வளரும் முன் டிஃப்ராஸ்ட் பட்டனை அழுத்துங்கள். அவசரம் என்றால் அணைத்துவிட்டு, ஒரு பாத்திரத்தில் வெந்நீரை உள்ளே வைத்துக் கதவை மூடுங்கள். கரண்டிக்காம்பு, ஸ்க்ரூ டிரைவர், தோசைத் திருப்பி எதுவும் வேண்டாம். வாராவாரம் பனி மலை வளர்கிறது என்றால், ஈரக்காற்று எங்கிருந்தோ உள்ளே புகுகிறது. அடுத்து பார்க்க வேண்டியது கதவு ரப்பர்.

பத்து ரூபாய் சோதனை

ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவுக்கும் உடலுக்கும் நடுவே வைத்து மூடுங்கள். இழுத்துப் பாருங்கள். லேசாகப் பிடித்து இழுபட வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் ஒட்டவில்லை. நாலு பக்கமும், முக்கியமாகக் கீல் பக்கமும் கீழ் விளிம்பும் பாருங்கள்.

ரப்பரின் மடிப்புக்குள் மாவு, சர்க்கரைப் பிசுக்கு, எறும்பு எல்லாம் சேர்ந்திருக்கும். பழைய டூத்பிரஷ், சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீர் போதும். நெளிந்திருந்தால் வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றியோ ஹேர் டிரையரால் மிதமாகச் சூடு காட்டியோ நீவினால் பழைய வடிவத்துக்கு வரும். கிழிந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

அலட்சியப்படுத்தினால் கரன்ட் பில் பேசும். ஸ்டார் லேபிளில் ஆண்டுக்கு 240 யூனிட் என்று இருந்தால், இரண்டு மாதக் கணக்கில் அது 40 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட்டில் இவ்வளவு ஃப்ரிட்ஜுக்கே போகிறது. ரப்பர் தேய்ந்து கம்ப்ரெஸர் ஓய்வில்லாமல் ஓடினால் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது.

கதவை மூடியும் உள்விளக்கு அணையாமல் இருந்தாலும் உள்ளே சூடு ஏறும். போனில் வீடியோ ரெக்கார்டிங் போட்டு உள்ளே வைத்துக் கதவை மூடித் திறங்கள். விளக்கு அணைகிறதா என்பது படத்தில் தெரிந்துவிடும்.

கீழே தண்ணீர், பின்னால் கொசு

காய்கறி டப்பாவுக்கு அடியில் தண்ணீர் தேங்கினால் பலரும் பயந்துபோவார்கள். பெரும்பாலும் அது வடிகால் அடைப்பு. உள்பக்கப் பின்சுவரின் அடியில் ஒரு சிறு பள்ளமும் நடுவே ஒரு துளையும் இருக்கும். சுவரில் வழியும் நீர் அந்தத் துளை வழியாகப் பின்னால் இறங்க வேண்டும். கறிவேப்பிலை இலை ஒன்று போதும், வழி அடைபட. பிளாஸ்டிக் ஸ்ட்ராவையோ மெல்லிய குழாயையோ மெதுவாக விட்டு, வெதுவெதுப்பான நீரை ஊற்றினால் திறந்துகொள்ளும். கம்பி வேண்டாம்.

அந்த நீர் போய்ச் சேருமிடம், கம்ப்ரெஸருக்கு மேலே இருக்கும் தட்டு. கம்ப்ரெஸரின் சூட்டில் நீர் தானாக வற்றிவிடும் என்பது ஏற்பாடு. மழைக்காலத்தில், அடிக்கடி கதவு திறக்கும் வீட்டில் அது முழுதாக வற்றாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சுத்தமான, தேங்கிய நீரைத்தான் தேடுகிறது. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீட்டுக்குள் வந்ததும் நேராக ஃப்ரிட்ஜின் பின்னால் டார்ச் அடிப்பது இதற்காகத்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வாரம் ஒரு நாள் அந்தத் தட்டைக் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். கழற்ற முடியாத தட்டு என்றால் பழைய துணியால் ஒற்றி எடுத்துத் துடைத்துவிடுங்கள்.

ஐஸ் மேக்கர்: மாடித் தொட்டி போடும் கணக்கு

‘சைடு பை சைடு’ ஃப்ரிட்ஜ்களோடு தானியங்கி ஐஸ் மேக்கரும் நம் வீடுகளுக்கு வந்துவிட்டது. அதோடு புதுப் புகார்களும். ‘ஐஸே விழலை’, ‘பாதிக் கட்டிதான் விழுது’, ‘எல்லாம் ஒட்டிப் பாறையா கிடக்கு.’

வேலை செய்யும் விதம் எளிது. வால்வு சில நொடி திறந்து தட்டில் நீர் நிரப்பும். சென்சார், உறைந்துவிட்டதை வெப்பநிலையை வைத்து அறியும். தட்டு முறுக்கிக்கொள்ளும், அல்லது சின்ன ஹீட்டர் இளக்கிவிடும். கட்டிகள் கீழே டப்பாவில் விழும். டப்பா நிரம்பினால் ஒரு கம்பியோ சென்சாரோ அதைக் கண்டு ஓட்டத்தை நிறுத்தும்.

முதல் சந்தேகம் அந்தக் கம்பி மீது. டப்பாவை எடுத்துவிட்டு மறுபடி வைக்கும்போது கம்பி மேலே தூக்கியபடி நின்றுவிட்டால், மெஷின் டப்பா நிரம்பிவிட்டதாக நினைத்துச் சும்மா இருக்கும். கீழே இறக்கிவிட்டால் தீர்ந்தது. புதிதாக மாட்டியிருந்தால் முதல் ஐஸுக்கு ஒரு நாள் ஆகும். முதலில் விழும் சில டப்பா ஐஸைக் குடிக்காமல் கொட்டிவிடுங்கள்.

இரண்டாவது காரணம் நம் ஊருக்கே உரியது. குழாய் இணைப்பு கேட்கும் ஐஸ் மேக்கர்களின் கையேடுகள் பல, நீர் அழுத்தம் குறைந்தது 20 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும் என்கின்றன. இதைத் தொட்டியின் உயரமாக மாற்றிப் பாருங்கள். பத்து மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் நீர் கொடுப்பது சுமார் 14 பி.எஸ்.ஐ. அதாவது 20 வேண்டுமென்றால் தொட்டி நீர் குழாய்க்கு 14 மீட்டர் மேலே நிற்க வேண்டும். ஒரு மாடி வீட்டில், மொட்டை மாடித் தொட்டிக்கும் முதல் மாடிச் சமையலறைக்கும் மூன்று, நாலு மீட்டர்தான். கிடைப்பது 5 பி.எஸ்.ஐ. சொச்சம். ஐந்து மாடி அப்பார்ட்மென்ட்டில் தரைத்தளத்து வீட்டில் ஐஸ் கணகணவென்று விழும். மேல்தளத்தில் அதே மாடல் வாங்கியவர் சர்வீஸ் சென்டருக்கு நடையாய் நடப்பார். மெஷினில் குறை இல்லை, உயரத்தில்தான் குறை.

அழுத்தம் குறைந்தால் இரண்டு விளைவுகள். குறித்த நொடிகளில் தட்டு நிரம்பாது. கட்டி சின்னதாக, உள்ளே பொள்ளலாக விழும். கூடவே, வால்வு இறுக மூடுவதற்கும் நீர் அழுத்தம் தேவை என்பதால் அது சரியாக மூடாமல் சொட்டும். அந்தச் சொட்டு, நிரப்புக் குழாயின் வாயில் உறைந்து அடைத்துவிடும். பிறகு ஐஸே கிடையாது. பிளக்கைப் பிடுங்கி, வெந்நீரில் நனைத்த துணியால் குழாயை இளக்கினால் அப்போதைக்குச் சரியாகும். நிரந்தரத் தீர்வு, லைனில் ஒரு சிறு பூஸ்டர் பம்ப். குழாய் வேண்டாத, நாமே நீர் ஊற்றும் டேங்க் வைத்த மாடல் வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லை.

மூன்றாவது, உப்பு நீர். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் கரைந்த உப்பின் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். நம் ஊர்களில் பல போர்வெல்கள் இதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். அந்த நீரைக் கொடுத்தால் ஃபில்டரும் வால்வின் சல்லடையும் வெள்ளைக் காரை பிடித்துவிடும். வழக்கமாக ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லும் ஃபில்டரை அதற்கு முன்பே மாற்ற வேண்டிவரும்.

கட்டிகள் பாறையாக ஒட்டிக்கொள்வதற்குக் காரணம், எடுக்காமல் விட்டது. கதவு திறக்கும்போதெல்லாம் மேற்பரப்பு லேசாக இளகி மறுபடி உறையும். வாரம் ஒரு முறை டப்பாவைக் காலி செய்துவிடுங்கள். ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் பக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது சூடேறினால் ஐஸ் மேக்கர்தான் முதலில் வேலைநிறுத்தம் செய்யும்.

மற்றபடி ஐஸின் குறைகள் எல்லா வீட்டுக்கும் பொது. நடுவில் வெள்ளையாக இருப்பது அழுக்கு அல்ல. நீர் வெளியிலிருந்து உள்ளே உறைவதால், கரைந்த காற்றும் உப்பும் நடுவில் போய் ஒதுங்குகின்றன. ஐஸில் கருவாட்டு வாசனை வந்தால் கருவாட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். வாசனையை இழுத்து வைத்துக்கொள்வது ஐஸின் குணம்.

[பெட்டிச் செய்தி] பாஸ்டனிலிருந்து வந்த ஐஸ்

சென்னை மெரினா எதிரே இருக்கும் விவேகானந்தர் இல்லத்துக்குப் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவின் ‘ஐஸ் ராஜா’ ஃபிரடெரிக் டூடருக்காக 1842-ல் எழுந்த ஐஸ் கிடங்கு அது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் உறைந்த ஏரிகளில் வெட்டிய பனிப்பாளங்களை மரத்தூளில் பொதிந்து, பாஸ்டனிலிருந்து கப்பலேற்றி அனுப்பினார்கள். 1833-ல் கல்கத்தாவுக்கு முதல் சரக்கு வந்தபோதே இந்த வியாபாரம் இங்கே காலூன்றிவிட்டது. இயந்திரத்தில் ஐஸ் செய்யும் முறை பரவியதும் படுத்துவிட்டது. 1897-ல் விவேகானந்தர் இந்தக் கட்டடத்தில் தங்கினார். சுற்றியுள்ள பகுதி இன்னமும் ஐஸ் ஹவுஸ்தான்.

பயப்பட வேண்டியவை, வேண்டாதவை

‘களக் களக்’ என்று நீர் ஓடும் சத்தம் கேஸ் ஓட்டம். நள்ளிரவில் ‘படக்’ என்று வெடிப்பது போலக் கேட்பது, சூடும் குளிருமாக மாறும் பிளாஸ்டிக் விரிந்து சுருங்குவது. இரண்டுக்கும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கைப்பிடியைத் தொட்டால் ‘சுருக்’ என்றால் பயப்பட வேண்டும். ‘செருப்புப் போட்டுத் தொட்டா ஒண்ணும் ஆகல’ என்று பழகிக்கொள்ளாதீர்கள். உடனே மெயினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, எர்த் இணைப்பையும் ஃப்ரிட்ஜின் ஒயரையும் எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டிருந்தால், கசிவு உயிருக்கு ஆபத்தாகும் முன் அதுவே கரன்ட்டைத் துண்டித்துவிடும்.

கருகிய வாடை, ஒயர் இளகல், கம்ப்ரெஸர் பக்கம் புகை இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள். நீண்ட நாள் பூட்டிக் கிடந்த வீட்டுக்குத் திரும்பியதும் ஃப்ரிட்ஜைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகவும் வேண்டாம். 2022 நவம்பரில் செங்கல்பட்டு மாவட்டம் ஊரப்பாக்கத்தில், ஃப்ரிட்ஜில் ஏற்பட்ட விபத்தின் புகையில் மூச்சுத்திணறி ஒரே குடும்பத்தில் மூன்று பேர் உயிரிழந்தார்கள். முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். எலி கடித்த ஒயர் இல்லை என்று உறுதி செய்து, பகலில், ஆள் விழித்திருக்கும் நேரத்தில் போடுங்கள்.

கரன்ட் நீண்ட நேரம் போனால் கதவைத் திறக்காமல் வைத்திருப்பதே வைத்தியம். மூடிய ஃப்ரிட்ஜ் சுமார் நாலு மணி நேரம் தாங்கும். நிரம்பிய ஃப்ரீசர் அதைவிடப் பல மடங்கு தாங்கும். உள்ளே 4 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் கிடந்த மீன், கறி, சமைத்த சோற்றை முகர்ந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், கொட்டிவிடுங்கள்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை

எல்லாம் பார்த்தாகிவிட்டது, கேஸ்தான் போயிருக்கிறது என்று உறுதியாகிறது. அப்போது முதல் கேள்வி ‘எவ்வளவு ஆகும்’ என்பது அல்ல. ‘லீக் எங்கே?’ என்பது. ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் ஏற்றும் கேஸ் அதே ஓட்டை வழியாகத்தான் போகும். நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் பார்த்து, சோப்பு நுரையில் குமிழி வரும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். அடைத்த பிறகு வேக்குவம் பம்ப் வைத்துக் குழாயிலிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் அந்த மெல்லிய குழாயின் வாயில் உறைந்து அடைக்கும். ஒரு மணி நேரம் குளிர்ந்து, ஒரு மணி நேரம் நின்று, மறுபடி தகராறுதான். குழாயிலிருக்கும் ஃபில்டர் டிரையரையும் மாற்றியாக வேண்டும்.

அடுத்து, எந்த கேஸ்? பின்பக்க லேபிளில் அது அச்சாகியிருக்கும். 1987-ன் மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு, ஓசோனை அரித்த பழைய ஆர்-12 படிப்படியாக விடைபெற்றது. அதற்குப் பதில் வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடவில்லை. ஆனால் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கக்கூடியது. இப்போது பரவலாக இருப்பது ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். சமையல் கேஸின் உறவுக்காரன். பூமிக்கு நல்லது, தீக்கு இன்னும் நல்லது. வீட்டு ஃப்ரிட்ஜில் இருப்பது சில பத்து கிராம்தான் என்றாலும், உள்ளே மிச்சமிருக்கும் கேஸை வெளியேற்றாமல், ஜன்னலைத் திறக்காமல், குழாயில் நெருப்பு வைக்க யாரையும் விடாதீர்கள். இவ்வளவு சிறிய அளவில் பத்து கிராம் கூடினாலும் குறைந்தாலும் குளிர்ச்சி கெடும். ஆகவே எடை போட்டு ஏற்ற வேண்டும். கையால் தொட்டுப் பார்த்து ‘போதும்’ என்பது இந்தக் கேஸிடம் செல்லாது. ஆர்-134ஏ ஓடிய கம்ப்ரெஸரில் ஆர்-600ஏ ஏற்றுவதும் கூடாது. எண்ணெயும் மின்பாகங்களும் அதற்கென்று செய்யப்பட்டவை அல்ல.

வயது பார்த்து முடிவெடுங்கள். ரிலே, ரப்பர், காற்றாடி, ஹீட்டர் எல்லாம் எத்தனை வயசு ஃப்ரிட்ஜுக்கும் மாற்றத் தகுந்தவை. பத்து வருஷம் தாண்டிய ஃப்ரிட்ஜில் கம்ப்ரெஸரும் போய், சுவருக்குள் புதைந்த குழாயிலும் லீக் என்றால் புதிதைப் பார்ப்பதுதான் லாபம். பழையதைக் காயலான் கடைக்குத் தள்ளுவதற்குப் பதில் மின்கழிவு எடுப்பவர்களிடமோ எக்ஸ்சேஞ்சிலோ கொடுங்கள். அதுவரை வீட்டில் நிற்கும் காலி ஃப்ரிட்ஜின் கதவைக் கழற்றி வையுங்கள். ஒளிந்து விளையாடும் பிள்ளைகளுக்கு அது ஆபத்தான இடம்.

ரிப்பேர்தான் என்று முடிவானால் ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். லீக் இருந்த இடம், அடைத்த விதம், ஏற்றிய கேஸின் பெயர், எத்தனை கிராம், எத்தனை மாத உத்தரவாதம்: இந்த ஐந்தும் அதில் இருக்கட்டும். வேலை தெரிந்தவர் யோசிக்காமல் எழுதிக் கொடுப்பார். எழுதத் தயங்குகிறவரிடம் கம்ப்ரெஸரைப் பிரிக்கக் கொடுக்க வேண்டாம்.